துலா மிதித்தவரின் இடது கை

போன மாதம், பழைய ஓவியங்களைத் திருத்தும் எங்கள் ஸ்டூடியோவிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெறும்வரை இருந்த மேசையில் இப்போது இருப்பவள் அவள்தான். லண்டன் சட்டனில் பிறந்து வளர்ந்த எங்கள் பெட்டை. முழுக்க இங்கிலீஷில் கதைப்பாள், நடுவில் 'மாமா' என்ற ஒரு சொல் மட்டும் தமிழில் வரும். "மாமா, அந்தக் காலத்தில் நீங்கள் படங்களை எச்சில் தொட்டுத் துடைத்தீர்களாமே, உண்மையா?" என்று கேட்டாள். பின்னால் நாலைந்து இளசுகள் சிரிப்பது எனக்குக் கேட்டது.

உண்மைதான் பிள்ளை, ஏன் சிரிக்கிறீர்கள்? இப்போது நீங்கள் ஜெல் பூசுகிறீர்கள், லேசர் பிடிக்கிறீர்கள், கணினியில் படத்தைத் தோல் உரித்துப் பார்க்கிறீர்கள். எங்களுக்கு வாயில் ஊறியதும் கையில் இருந்த பஞ்சுந்தான் ஆயுதம். அவள் அடுத்துக் கேட்டாள், "நீங்கள் செய்ததிலேயே கஷ்டமான படம் எது?" என்று. தொடங்கினேன், ஒரு மணித்தியாலம் நிறுத்தவில்லை. ரிசீவர் காதில் சுட்டது. "இதை எழுதித் தாங்கோ மாமா" என்றாள். எழுதுகிறேன். அமெரிக்கரின் படத்தைப் பற்றி எழுதாமல் வேறு எதைப் பற்றி எழுதுவேன்!

யாழ்ப்பாணத்தில் நான் ஒரு கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடத்தில் உதவியாளர். எண்பதுகளின் நடுவில் லண்டன் வந்து, எல்லோரையும் போல பெற்றோல் ஸ்டேஷன் கவுண்டரில் நின்றேன். ஒருநாள் உள்ளூர்ப் பேப்பரில் ஒரு விளம்பரம்: பழைய எண்ணெய் ஓவியங்களைத் திருத்தும் ஸ்டூடியோவுக்கு ஆள் தேவை, கரைப்பான்களோடு பழகியவராக இருக்கவேண்டும். அசற்றோனும் ஸ்பிரிட்டும் எனக்குத் தேத்தண்ணி மாதிரி. போனேன், எடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகப் பேச்சு.

ஸ்டூடியோ தெற்கு லண்டனில் ரயில் பாலத்தின் கீழே ஒரு வளைவுக்குள் இருந்தது. ரயில் வரும்போது மேசையெல்லாம் ஆடும். சத்தம் கேட்டவுடன் கையைப் படத்திலிருந்து ஒரு சாண் தூக்கிவிடவேண்டும். ரயில் போனபிறகு இறக்கவேண்டும். பல வருடம் கழித்து வீட்டில் கறி தாளிக்கும்போதும் ரயில் சத்தம் கேட்டால் என் கை தானாகத் தூக்கும். என் மனுசி பத்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஸ்டூடியோவை நடத்தியவர் மிஸஸ் ஹாலம். ஐம்பது தாண்டிய, ஒல்லியான, உயர்ந்த மனிசி. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எதைச் சொன்னாலும் ஒரே கேள்வி கேட்பார்: "எப்படித் தெரியும், மிஸ்டர் லிங்கம்?" வெளியே மழை என்றாலும் அதுதான். "யன்னலால் பார்த்தேன்" என்று பதில் சொன்னால்தான் தலையாட்டுவார். அவருடைய சட்டம் மூன்று. தொடுவதற்கு முன் படம் எடு. தொடுவதற்கு முன் எழுது. தொட்டபின் என்ன நடந்ததோ அதை அப்படியே எழுது, உனக்குப் பிடிக்காவிட்டாலும் எழுது.

முதல்நாள் அவர் ஒரு பஞ்சுக் குச்சியை வாயில் வைத்து நனைத்து, இருநூறு வருடப் பழைய சீமாட்டி ஒருத்தியின் நெற்றியில் உருட்டினார். எனக்குக் குமட்டியது! எச்சில் பாத்திரத்தில் கை வைத்தாலே அடி வாங்கி வளர்ந்தவன் நான். அடுத்தவர் முகத்தில், அதுவும் செத்தவர் முகத்தில் எச்சிலா? ஆனால் அழுக்கு வந்தது பாருங்கள், கறுப்பாக! எச்சிலில் இருக்கும் நொதியம் அழுக்கைத் தின்னும், நிறத்தைத் தின்னாது. ஒரு கிழமையில், ஏழே நாளில், நானும் பழகிவிட்டேன். "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று அவர் கேட்பார். "இடியப்பமும் சம்பலும்" என்றால், "அப்படியானால் பத்து மணிவரை படச் சட்டங்களைத் துடையுங்கள்" என்பார். மிளகாய் எச்சிலை ஓவியத்தில் அவர் விடமாட்டார்.

ஐந்தாவது மாதம், தொண்ணூறுகள் தொடங்கியிருந்த நேரம், அந்தப் படம் வந்தது.

வரைந்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கர் ஒருவர். ஓவியர், எழுத்தாளரும்கூட. சொந்தக்காரக் குடும்பம் பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தது. அதனால் நாங்கள் 'அமெரிக்கர்' என்றே சொன்னோம், இப்போதும் அப்படியே சொல்கிறேன். ஒரு ஆள் உயரத்துக்குக் குறையாத கன்வஸ். வார்னிஷ் மஞ்சளித்துப் பலாப்பழ நிறமாகியிருந்தது. கீழே ஒரு கிணறு, பக்கத்தில் கயிற்றைப் பிடித்தபடி ஒருவர், வலப்பக்கம் இரண்டு மூன்று பனை. மேலே பெரிய மேகம். அந்த மேகத்தின் நடுவில், ஒன்றிலும் பிடியில்லாமல், ஒரு கால் தூக்கி, இடது கையை நீட்டியபடி, மண்ணிறத்தில் அரை மனிதன் ஒருவன் தொங்கினான்!

ஏல நிறுவனத்து நிபுணர் படத்தோடு கூடவே வந்திருந்தார். தங்க விளிம்புக் கண்ணாடி, நல்ல மனிதர், எப்போதும் அவசரம். "நைல் நதிப் பக்கத்துக் காட்சி. அந்த வானத்து மனிதனைப் பிற்காலத்தில் யாரோ பகிடிக்கு வரைந்திருக்கிறார்கள். அதை எடுத்துவிடுங்கள், வெள்ளிக்கிழமை கட்டலொக் அச்சுக்குப் போகிறது" என்றார்.

மிஸஸ் ஹாலம் சும்மா தலையாட்டவில்லை. விளக்குகளை அணைத்து ஊதாக்கதிர் விளக்கைப் பிடித்தார். பழைய வார்னிஷ் அந்த வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். அதன்மேல் பிற்காலத்தில் பூசியது கறுப்பாகத் தெரியும். மேகம் பச்சையாக ஒளிர்ந்தது. அந்த மனிதன் மட்டும் கன்னங்கறுப்பு. "நிபுணர் சொல்வது சரிபோலத் தெரிகிறது" என்று எழுதினார். படம் எடுத்தார். மறுநாள் அவருக்கு வெளியூரில் ஒரு வீட்டில் வேலை. "மிஸ்டர் லிங்கம், ஓரத்திலிருந்து தொடங்குங்கள். கையிலிருந்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலை. எச்சிலால் அசையவில்லை. அசற்றோனையும் வெள்ளை ஸ்பிரிட்டையும் கலந்தேன். பஞ்சைச் சுற்றினேன், நனைத்தேன், மற்றப் பஞ்சில் ஒற்றினேன், அந்த நீட்டிய கையின்மேல் உருட்டினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று. கை கரைந்து பஞ்சுக்கு வந்துவிட்டது. அவ்வளவு லேசாக! பக்கத்தில் இருந்த மேகமும் கொஞ்சம் வந்தது. பார்த்தால், கை இருந்த இடத்துக்கு அடியில் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு. கோட்டில் கணு. கணுவுக்கு அப்பால் இன்னொரு கணு.

மூங்கில்.

ரயில் வந்தது. கையைத் தூக்கினேன். ரயில் போனது. என் கை இறங்கவில்லை. ஐயோ, அந்த மனிதன் தொங்கவில்லை! பக்கத்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். காலுக்குக் கீழே மரம் இருக்கிறது, மேகம் அதை மூடியிருக்கிறது. துலா! துலா மிதிக்கிறான்!

லண்டனில் படித்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஆழமான கிணற்றுக்குப் பக்கத்தில் இரண்டு கால் நட்டு, அதன்மேல் நீளமான மரம் ஒன்றைச் சீசோ மாதிரிப் பொருத்துவார்கள். ஒரு நுனியில் வாளி தொங்கும். அந்த மரத்தின்மேல் ஒரு ஆள் ஏறி, முன்னுக்கும் பின்னுக்கும் நடப்பார். அவர் பாரத்தில் வாளி இறங்கும், ஏறும். கீழே நிற்பவர் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றுவார். பிடிப்பதற்கு ஒரு மூங்கில் கட்டியிருக்கும். நானே பள்ளிக்கூடம் போகுமுன் மிளகாய்த் தோட்டத்துக்கு மிதித்திருக்கிறேன். கரணம் தப்பினால் மரணம் என்பது அதில் சும்மா பேச்சு இல்லை.

சந்தோஷத்தில் தலைகால் தெரியாமல் நின்றேன். பிறகு கையிலிருந்த பஞ்சைப் பார்த்தேன். அவனுடைய கை அந்தப் பஞ்சில் இருந்தது. நூறு வருடத்துக்கு மேல் மூங்கிலைப் பிடித்திருந்த கையை நான் இரண்டு சுற்றில் எடுத்துவிட்டேன்.

பின்னேரம் கோலியர்ஸ் வுட் வீட்டுக்குப் போய் பத்மாவிடம் சொன்னேன். அவள் புட்டுக் குழலை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, கை போனது ஆருக்கும் தெரியுமோ?"

"தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும்."

"அப்ப மிச்சத்தையும் துடைச்சுப்போட்டு வாங்கோ. அவையள் சொன்னதைத்தானே செய்யிறியள்? இன்னும் ஒண்டரை மாசம் கிடக்கு நிரந்தரமாக. திரும்பவும் அந்தப் பெற்றோல் கவுண்டரிலை போய் நிக்கப் போறியளோ?"

"பத்மா, அது துலா. துலா மிதிக்கிற ஆளை நான் எப்பிடித் துடைக்கிறது?"

"உங்கட மிஸஸ் நம்புவாவோ? வெள்ளைக்காரிக்கு என்னண்டு விளங்கும், மனுசன் மரத்திலை ஏறி நிண்டு தண்ணி அள்ளுறதெண்டு?"

மறுநாள் காலையில் சோற்றுப் பெட்டியைக் கையில் தரும்போது அவளே சொன்னாள், "சொல்லாமல் விட்டால் உங்களுக்கு இந்தச் சோறு இறங்காது. சொல்லிப்போட்டே வாங்கோ. வாறதை ரெண்டு பேரும் பாப்பம்." அந்த ஒரு சொல்லுக்காக அவளுக்கு நான் எத்தனை இடியப்பம் அவித்துக் கொடுத்தாலும் தீராது.

வியாழன் காலை மிஸஸ் ஹாலம் கோட்டைக் கழற்றும் முன்பே நான் தொடங்கிவிட்டேன். "அந்த மனிதன் அசல். மேகந்தான் பொய். நான் அவனுடைய கையை அழித்துவிட்டேன்." மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கண்ணாடியைப் போட்டார். படத்தின் முன் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "எப்படித் தெரியும், மிஸ்டர் லிங்கம்?"

"நான் அதில் நடந்திருக்கிறேன்."

"எதில்?"

விளக்கினேன். இரண்டு ஸ்டூலும் ஒரு அளவுகோலும் வைத்துக் காட்டினேன். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "நீங்கள் பார்க்க விரும்புவதைப் பார்க்கிறீர்களோ என்று எனக்குப் பயம். உங்கள் ஊரை விட்டு வந்தவர். ஒரு கோட்டைக் கண்டதும் ஊராகத் தெரியலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. "வேறு யாராவது, நீங்கள் சொல்லிக்கொடுக்காத ஒருவர், இதைப் பார்த்து இதையே சொல்வாரா?"

"சொல்வார்!" என்றேன். யார் என்று யோசிக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

இரண்டு வளைவு தள்ளி, படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்று. அங்கே கோவிந்தசாமி என்று ஒரு தச்சர், கும்பகோணம் பக்கத்துக்காரர், வால்தம்ஸ்டோவிலிருந்து தினமும் வருவார். அவருக்கும் எனக்கும் தேத்தண்ணி நேரத்தில் கிரிக்கெட்டிலிருந்து சாம்பார் வரைக்கும் எல்லாவற்றிலும் வாக்குவாதம். ஓடினேன். "அண்ணை, ஒரு படம் பாக்கவேணும், வாங்கோ. ஒண்டும் கேக்காதேங்கோ" என்றேன். கையில் உளியோடே வந்தார்.

படத்தைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் கத்தினார்.

"அட! ஏத்தம்! ஏத்தக்காரன் எப்படிய்யா இங்க வந்து மாட்டிக்கிட்டான்?"

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் வாய் சும்மா இருந்தால்தானே! "ஏத்தம் இல்லை அண்ணை, துலா. இது யாழ்ப்பாணம்" என்றேன்.

"யாழ்ப்பாணமா? கீழ நிக்கிறவன் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருக்கிறதப் பாருங்க. எங்க பக்கத்து ஆளு சார் அவன்."

"பனை நிக்குது, கண் தெரியேல்லையோ? பனை எண்டால் யாழ்ப்பாணம்."

"பனைமரத்த நீங்கதான் கண்டுபுடிச்சீங்களா? ராமநாதபுரம் பக்கம் வந்து எண்ணிப் பாருங்க, எண்ணி முடிக்கறதுக்குள்ள உங்களுக்குப் பேரன் பொறந்துடுவான்."

"ஏறி மிதிக்காத ஆக்கள் இதைப்பற்றிக் கதைக்கப்படாது!"

"யாரு மிதிக்காதது? எங்க பெரியப்பாவோட சேந்து மிதிச்சவன் நான். உங்க ஊர்ல எத்தன பேரு ஏறுவீங்க?"

"எங்கட தோட்டத்திலை ஒராள்."

"பாத்தீங்களா! எங்க ஊர்ல ரெண்டு பேரு. இந்த ஆளு நிக்கிற எடத்தப் பாருங்க, ரொம்ப முன்னாடி நிக்கிறான். இவனுக்குப் பின்னாடி ஒருத்தன் இருந்தே ஆகணும். அந்த மேகத்துக்குள்ள இருக்கான் சார், கூப்புட்டா வருவான்!"

"ஒருத்தரும் இல்லை!"

"இருக்கான்!"

என் குரல் பாலத்துக்கு மேலே போயிருக்கும். அவர் உளியைப் படத்தை நோக்கி நீட்ட, மிஸஸ் ஹாலம் மெதுவாக அவர் கையிலிருந்து அதை வாங்கி மேசையில் வைத்தார். இவ்வளவுக்கும் அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. "எதற்காகச் சண்டை?" என்று கேட்டார்.

வெட்கத்தோடு சொன்னேன். "அவன் எங்கள் ஆளா, அவர்கள் ஆளா என்று."

முதல்தடவையாக அந்த மனிசியின் முகத்தில் ஆர்வத்தில் இரத்தம் ஏறியதைக் கண்டேன். ஆனால் அப்போதும் அவசரப்படவில்லை. படத்தின் புகைப்படத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒவ்வொன்றின்மேலும் மெல்லிய தாளை ஒட்டினார். என்னை ஒரு மூலையிலும் கோவிந்தசாமியை அடுத்த அறையிலும் இருத்தினார். "மேகத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்களோ அதை வரையுங்கள். பேசக்கூடாது" என்றார். பரீட்சை மண்டபம் மாதிரி இருந்தது.

இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். மரத்தின் சரிவு பொருந்தியது. நட்ட கால்கள் பொருந்தின. மூங்கில் பொருந்தியது. கோவிந்தசாமியின் தாளில் ஒரு மனிதன் கூடுதலாக இருந்தான், அவ்வளவுதான்.

"நீங்கள் இரண்டு பேரும் ஊரைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறீர்கள்" என்றார் மிஸஸ் ஹாலம்.

அதற்குப் பிறகு நடந்தது ஓட்டந்தான்! நுணுக்குக்காட்டியை, மைக்ரோஸ்கோப்பை, இழுத்து வந்தார். எண்ணெய் ஓவியம் வயதாக ஆக வெடிக்கும். அந்த மனிதன் உடம்பில் வெடிப்புகள் இருந்தன. மேகத்தின் விளிம்பில் பார்த்தால், வெள்ளை நிறம் அந்த வெடிப்புகளுக்குள் வடிந்து நிரம்பியிருந்தது. மனிதன் வெடித்து முடிந்த பிறகுதான் மேகம் வந்திருக்கிறது! "அப்படியென்றால் ஊதாக்கதிரில் இவன் ஏன் கறுப்பு?" என்று தன்னையே கேட்டுவிட்டு, சொந்தக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார். "உங்கள் வீட்டில் யாராவது எப்போதாவது இந்தப் படத்தைத் துடைத்தார்களா?" அந்தப் பக்கம் ஒரு முதியவர் சிரித்தார். அவருடைய சித்தி ஒவ்வொரு நத்தாருக்கும், அதுதான் கிறிஸ்மஸுக்கும், பாதி உருளைக்கிழங்கால் நடுவில் தேய்ப்பாராம். கை எட்டிய இடத்தில் மட்டும். சித்தி தேய்த்துத் தேய்த்து மேகத்தையும் வார்னிஷையும் தின்று, உள்ளே இருந்தவனை அரைகுறையாக வெளியே எடுத்திருக்கிறார். வார்னிஷ் இல்லாத இடமும் அந்த விளக்கில் கறுப்பாகத்தான் தெரியும். "நான் தவறாக வாசித்தேன்" என்று மிஸஸ் ஹாலம் பேனையை எடுத்து, தன் பழைய குறிப்புக்குக் கீழேயே அதை எழுதிக் கையெழுத்து வைத்தார். எனக்கு மெய்சிலிர்த்தது.

நிபுணர் தொலைபேசியில் குதித்தார். கட்டலொக் போய்விடும் என்றார். "போகட்டும், அடுத்த ஏலத்தில் வையுங்கள்" என்று சொல்லிவிட்டு இவர் வைத்துவிட்டார்.

ஐந்து கிழமை மேகத்தை எடுத்தோம். இம்முறை கரைப்பானை ஐதாக்கி, நுணுக்குக்காட்டிக்குக் கீழே, ஒரு நாளுக்கு ஒரு தீப்பெட்டி அளவு. மரம் வந்தது. மரத்தில் வெட்டிய படிகள் வந்தன. அவனுடைய மற்றக் கால் வந்தது, பெருவிரல் மரத்தைக் கவ்வியபடி! கோவிந்தசாமி தினமும் தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்து, "வந்துட்டானா?" என்பார். "இல்லை" என்பேன், பெருமையாக. நாலாவது கிழமை ஒரு செவ்வாய்க்கிழமை, மேகத்துக்குள்ளிருந்து ஒரு தலைப்பாகை முளைத்தது. அடுத்த நாள் ஒரு தோள். பின்னால் இரண்டாவது ஆள்! வாய் திறந்திருந்தான், பாடுகிறான் போல. தோற்றவன் நான், ஆனால் கோவிந்தசாமியைக் கூப்பிட நான் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! அவர் வந்து பார்த்தார். வெற்றிக்கு ஒரு சத்தம் போடுவார் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏத்தப் பாட்டு பாடுறான்யா" என்று மட்டும் சொன்னார்.

அதற்குள் மிஸஸ் ஹாலம் ஒரு நூலகத்தில் அமெரிக்கரின் புத்தகத்தைத் தேடிப் பிடித்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டில் எனக்கு அவருடைய வாழ்க்கையைத் துண்டு துண்டாகச் சொல்வார். குதிரை வண்டிக் கதவுகளுக்கு வர்ணம் பூசியவரின் மகன். சத்திரங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதி, ஊர் ஊராகப் போய் ஆட்களின் முகம் வரைந்து, பிறகு கப்பலேறி, கண்டதையெல்லாம் பத்திரிகைக்கு எழுதிப் பேரெடுத்த மனிதர். நாகப்பட்டினத்தில் இறங்கியிருக்கிறார். அங்கே மனிதர்கள் ஆகாயத்தில் நடந்து தண்ணீர் இறைப்பதைப் பார்த்ததாகப் புத்தகத்தில் எழுதினார். அத்தோடு முடிந்தது அவர் பிழைப்பு. பொய்யன் என்றார்கள். அவர் பேச எழுந்தால் சிரித்தார்கள். லண்டனுக்கு வந்து, நான் கண்டது இதுதான் என்று காட்டத்தான் இவ்வளவு பெரிய படத்தை வரைந்தார். அதையும் ஒருவரும் வாங்கவில்லை. அவர் செத்துப் பல வருடம் கழித்து எவனோ ஒரு வியாபாரி, விற்பதற்கு வசதியாக, அந்த இரண்டு மனிதரையும் மேகத்தால் மூடியிருக்கிறான்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் இந்த நாட்டுக்கு வந்தபோது ஊரில் எனக்கு நடந்ததை ஒரு குடிவரவு அதிகாரியிடம் சொன்னேன். நம்பும்படியாக இல்லை என்று எழுதினார். கண்டதைச் சொல்லிப் பொய்யனாவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அமெரிக்கருக்கு நடந்ததை நினைக்க எனக்குக் கோபமாக வந்தது. மேசையில் குத்திவிட்டேன், ரயில் வராமலே எல்லாம் ஆடியது.

கடைசியில் அந்தக் கை மிஞ்சியது. எல்லாம் வந்துவிட்டது, இடது மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் வெறும் மூங்கில். ஓவியத்தில் இல்லாததைக் கற்பனை செய்து நிரப்புவது எங்கள் தொழிலில் பாவம். ஆனால் தொடுவதற்கு முன் மிஸஸ் ஹாலம் எடுத்த படத்தில் கை இருந்தது. அதைப் பெரிதாக்கி என் முன்னால் வைத்தார். பிறகு, எப்போது வேண்டுமானாலும் துடைத்து எடுக்கக்கூடிய நிறங்களையும், மூன்று மயிர்த் தூரிகையையும் வைத்தார்.

"நீங்கள் செய்யுங்கள்" என்றார்.

"நானா? நான்தானே அழித்தேன்."

"அதனால்தான். அந்த மூங்கில் கையில் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாது."

மூன்று நாள் எடுத்தது. விரல்கள் மூங்கிலைச் சுற்றி இறுகாது, வளையம் மாதிரித் தளர்ந்து நிற்கும், ஓடும்போது வழுக்கிப் போகவேண்டும் அல்லவா! புகைப்படத்திலும் அப்படியே இருந்தது. அமெரிக்கர் எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார்! ஒவ்வொரு விரலாக வைக்கும்போது அந்த மனிதரோடு சேர்ந்து நின்று பார்ப்பது போல இருந்தது எனக்கு.

ஆறாவது கிழமை நிபுணர் வந்தார். கோட்டைக் கழற்றவில்லை, அப்படியே நின்றார். கிணறு, மரம், அதன்மேல் ஆகாயத்தில் இரண்டு மனிதர், ஒருவன் பாடுகிறான். "கடவுளே" என்றார். பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்துக்கொண்டு போனார். அந்த மனிதர் சந்தோஷப்பட்டது நிஜம், அதை நான் மறைக்கமாட்டேன். இடது பக்கம் வந்ததும் நின்றார்.

"இந்தக் கையைப் பாருங்கள்" என்றார். "படத்திலேயே சிறந்த இடம் இதுதான். நேரில் நின்று பார்த்தவனால் மட்டுந்தான் இப்படி வரைய முடியும். இதைக் கட்டலொக்கின் அட்டையில் போடப்போகிறேன்."

மிஸஸ் ஹாலம் என்னைப் பார்த்தார். எல்லாம் எழுதிய அறிக்கை அவர் கையில் இருந்தது, ஆனால் அதை அவர் நீட்டவில்லை. அன்றைக்கு என் ஆறு மாதம் முடிய இன்னும் இரண்டு நாள். ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

"ஐயா, அந்தக் கையை மட்டும் அவர் வரையவில்லை" என்றேன். "நான் வரைந்தது."

நிபுணர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், கையைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார்.

"அப்படியானால் அவர் வரைந்த கை எங்கே?"

நான் என் மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை எடுத்தேன். அதற்குள் மண்ணிறம் ஏறிய ஒரு பஞ்சுக் குச்சி இருந்தது. அதை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இதுதான், ஐயா. நீங்கள் எடுத்துவிடச் சொன்னீர்கள், நான் எடுத்துவிட்டேன்."